டிரெயின் ஏறிப் போகிற கல்லூரி

கேள்வி: என் மகள் இந்த வருஷம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். மன்ஹாட்டனில் இருக்கும் ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மாநிலத்தின் வடக்கே, காரில் ஐந்து மணி நேரம் தள்ளி, ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருக்கிறது. ஜான் ஜேயில் கட்டணம் குறைவு. அவளுக்கும் அங்கே தடயவியல் உளவியல் படிக்கத்தான் ஆசை. "அது போலீஸ்காரங்க படிக்கிற காலேஜ்" என்கிறார் கணவர். "டிரெயின் ஏறிப் போயிட்டு வர்றதெல்லாம் ஒரு காலேஜா?" என்கிறார் நாத்தனார். வீட்டிலிருந்தே போனால் தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவாள், எனக்கும் கூடமாட ஒத்தாசையாக இருக்கும் என்று ஒரு ஆறுதல். என்ன செய்யலாம்?

- பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி, ஃப்ளஷிங், நியூயார்க்

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. நாத்தனார் சொல்வதில் கால்வாசி. எனக்கு வம்பெல்லாம் உங்கள் அந்த "ஒத்தாசை" வரியோடுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

1964-ல் நியூயார்க் நகரம் அந்தக் கல்லூரியை உருவாக்கியபோது வைத்த பெயரே போலீஸ் அறிவியல் கல்லூரிதான். ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் காவலர்கள் படிப்பதற்காக ஒரே பாடத்தைப் பகலிலும் மாலையிலும் நடத்தினார்கள். காலையில் டியூட்டி வந்துவிட்டால் சாயங்காலம் போய் உட்காரலாம். சில வருஷத்தில் பெயர் மாறியது. ஜான் ஜே அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதி. 1970-ல் நகரப் பல்கலைக்கழகம், அதாவது க்யூனி, நகரத்தில் பள்ளி முடித்த எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. சீருடை போடாத பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். இன்று அங்கே வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகள் ஏராளம்.

போலீஸ் ஆவதற்கு அந்த ஊரில் பட்டமே தேவையில்லை என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். கல்லூரிப் பாடங்களை முடித்தால் கணக்கில் சேரும் அலகான கிரெடிட்டில் 60 கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2025-ல் அதையும் 24 ஆகக் குறைத்துவிட்டார்கள். நான்கு வருஷம் அங்கே படிக்கிற பிள்ளைக்கு வேறு ஏதோ கணக்கு இருக்கிறது என்று அர்த்தம். போலீஸாக நினைக்கிறவனும், அண்ணன் சிறையில் இருக்கிற பெண்ணும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் போகிறவனை நிறுத்திச் சோதனை போடுவது நியாயமா என்று வாதம் பண்ணக்கூடிய இடம் அது. ஊருக்கு வெளியே ஆட்டிஸ்வில் சிறையில் இருக்கும் கைதிகளுக்கு 2011-லிருந்து அந்தக் கல்லூரி பாடம் நடத்துகிறது. வெளியே படிக்கும் மாணவர்களும் அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். தனியார் பல்கலைக்கழகத்தில் புல்வெளி நன்றாக இருக்கும், மறுக்கவில்லை.

சரி, பணம். நியூயார்க் மாநிலவாசிக்கு இப்போதைய கணக்கில் வருஷக் கட்டணம் 6,930 டாலர், அதற்கு மேல் சில நூறு டாலர் சில்லறைக் கட்டணங்கள். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மட்டுமே அறுபதாயிரத்தைத் தாண்டுகிறது. விடுதியும் சாப்பாடும் தனி. ஒரு காலத்தில் க்யூனியில் இந்த 6,930-ம் கிடையாது. 1847-ல் தொடங்கி 129 வருஷம் நகரம் இலவசமாகவே படிக்க வைத்தது. 1976-ல் கஜானா காலியாகி, கட்டணம் வந்தது. அதே வருஷம் ஜான் ஜேயையே மூடிவிடலாம் என்று ஒரு திட்டமும் வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் போராடித்தான் காப்பாற்றினார்கள். உள்ளூர் மாடு விலை போகாது என்பது அங்கேயும் உண்டு.

மத்திய அரசின் பெல் உதவித்தொகை, மாநிலத்தின் டாப் உதவித்தொகை இரண்டுக்கும் குடியுரிமைதான் வேண்டும் என்றில்லை, கிரீன் கார்டு இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் 1,25,000 டாலருக்குள் இருந்தால், மீதிக் கட்டணத்துக்கு 2017-ல் வந்த எக்ஸெல்சியர் உதவி உண்டு. ஆனால் அதில் இரண்டு முடிச்சு. வருஷத்துக்கு 30 கிரெடிட் முடிக்க வேண்டும். எத்தனை வருஷம் உதவி வாங்கினாளோ, படித்து முடித்த பிறகு அத்தனை வருஷம் நியூயார்க் மாநிலத்திலேயே குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் உதவி கடனாக மாறிவிடும். நாத்தனார் ஊர்ப்பக்கம் மாப்பிள்ளை பார்ப்பதாக இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள். இன்னொன்று, ஏஸ் என்று அந்தக் கல்லூரியிலேயே ஒரு திட்டம் இருக்கிறது. தனி ஆலோசகர், பாடப்புத்தகத்துக்கும் பயணத்துக்கும் உதவி எல்லாம் கிடைக்கும். சேரும்போதே கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

தடயவியல் உளவியல் பற்றி ஒரு எச்சரிக்கை. டிவி தொடரைப் பார்த்துவிட்டு வரும் ஆசையா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான்கு வருஷப் பட்டத்தோடு யாரும் உளவியலாளர் ஆகிவிட முடியாது. நியூயார்க்கில் அந்த உரிமத்துக்கு முனைவர் பட்டம் வேண்டும். வக்கீலாக வேண்டுமென்றால் இதற்கு மேல் மூன்று வருஷம் சட்டம். ஆக, இந்தப் பட்டத்தை முதல் மாடியாகத்தான் நினைக்க வேண்டும். முதல் மாடிக்கு வீட்டையே அடகு வைப்பானேன் என்பதுதான் மலிவான கல்லூரிக்கு நான் சொல்லும் பெரிய நியாயம்.

இப்போது நாத்தனாரின் கால்வாசி. நம் ஊர்க் கல்லூரிகளில் ஹாஸ்டலர், டே ஸ்காலர் என்று இரண்டு ஜாதி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறவன் டே ஸ்காலர். மூன்று வருஷம் முடிந்தும் அவன் பெயர் எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. இந்த ஆபத்து ஜான் ஜேயிலும் உண்டு, ஏனென்றால் அங்கே அநேகமாக எல்லாருமே டே ஸ்காலர்தான். மேல்படிப்புக்குப் போகும்போது பரிந்துரைக் கடிதம் யார் கொடுப்பார்கள்? வகுப்பு முடிந்தும் பேராசிரியர் அறைக்குப் போய் உட்காருகிற பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை யார் கொடுப்பது?

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்.

கணக்குப் போடுவோம். ஃப்ளஷிங்கில் ஏழாம் நம்பர் ரயில். புறப்படுகிற இடமே அதுதான் என்பதால் உட்கார இடம் கிடைத்துவிடும். அந்த மட்டில் அதிர்ஷ்டம். டைம்ஸ் ஸ்கொயரில் இறங்கி ஒன்றாம் நம்பர் ரயில், 59-ஆம் தெருவில் இறங்கிப் பத்தாவது அவென்யூ வரை நடை. ஜனவரியில் ஹட்சன் ஆற்றுக் காற்று எதிரே அடிக்கும். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். வாரத்தில் நான்கு நாள் என்றால் ஏறக்குறைய பத்து மணி நேரம் ரயிலுக்கே போய்விடும். அதுவே ஒரு பகுதிநேர வேலை. அதற்கு மேல் தம்பியைக் கூட்டி வருவது இன்னொரு வேலை. பள்ளி மூன்று மணி வாக்கில் விடும். அப்படியானால் மத்தியான வகுப்பு எதையும் அவள் எடுக்க முடியாது. அவளுக்குத் தேவையான பாடம் மத்தியானத்தில்தான் நடக்கிறது என்றால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். இப்படி ஒரு பாடம், இரண்டு பாடம் தள்ளிப்போனால் 30 கிரெடிட் எங்கே வரும்? எக்ஸெல்சியர் எங்கே நிற்கும்? உங்கள் "கூடமாட ஒத்தாசை"க்கு விலை போட்டுப் பார்த்தால் அது வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர் ஆகலாம்.

விடுதிக்குப் போகிற பெண்ணை யாரும் "ஒரு நிமிஷம் இந்த மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வை" என்று கூப்பிட முடியாது. விடுதிப் பணத்தில் பாதி அந்தத் தூரத்துக்குக் கொடுக்கிற பணம். அதை மிச்சம் பிடிக்கிறீர்கள், சந்தோஷம். அப்படியானால் அந்தத் தூரத்தை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக் கொடுங்கள். கதவு சாத்துகிற ஒரு அறை, இல்லையென்றால் யாரும் தொடாத ஒரு மேஜை. பரீட்சை வாரத்தில் விருந்தாளி வேண்டாம். கோயில் விசேஷத்துக்கு அவள் வராவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். "கல்லூரியில் இருக்கிறாள்" என்று சொல்லிப் பழகுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு "எங்கே இருக்கே?" என்று போன் அடிக்காதீர்கள். நூலகத்தில் இருப்பாள். இல்லையென்றால் தோழிகளோடு காபி குடித்துக்கொண்டிருப்பாள், அதுவும் கல்லூரிதான்.

இதற்கு மனசு ஒப்பினால் ஜான் ஜேயில் சேருங்கள். ஒப்பவில்லை என்றால் கடனை வாங்கியாவது அவளை அந்த ஐந்து மணி நேரத் தூரத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

தம்பியை யார் கூட்டி வருவது என்கிறீர்களா? போலீஸ் காலேஜ் என்று குறை சொல்ல ஒருவருக்கு நேரம் இருக்கிறதே, அவரைக் கேட்டுப் பாருங்கள்.