வீட்டு அட்வான்ஸுக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து மாதம் 72,000 ரூபாய் கையில் வாங்குகிறோம். இப்போது மடிப்பாக்கத்தில் 14,000 ரூபாய் வாடகை. மகளின் பள்ளிக்காக வேளச்சேரிக்கு மாறப் போகிறோம். பார்த்த வீட்டுக்கு வாடகை 20,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. சேமிப்பில் 55,000தான் இருக்கிறது. மடிப்பாக்கத்தில் கொடுத்த ஒரு லட்சம் அட்வான்ஸ் திரும்பி வரும், ஆனால் கடை வைக்கப்போகும் தன் தம்பிக்கு அதைத் தருவதாக கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார். 2022 கடைசியில் அந்த அட்வான்ஸுக்காக எடுத்த பர்சனல் லோனிலேயே இன்னும் 5 தவணை பாக்கி. அதற்கு முன் குரோம்பேட்டை வீட்டிலிருந்து வந்த 60,000, தம்பியின் பைக்குக்குப் போனது. இப்போது 2 லட்சம் லோன் எடுக்கலாமா? இல்லை, 9 லட்சத்துக்கு லீஸ் வீடு இருக்கிறது என்கிறாரே புரோக்கர், அதற்குப் போகலாமா?

பதில்: லோன் வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாடகை கூடுவது உங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, 72,000 வருமானத்தில் 20,000 தாங்கும். ஆனால் வீடு மாறும் ஒவ்வொரு முறையும் பழைய அட்வான்ஸ் கொழுந்தனாருக்குப் போகிறது, புது அட்வான்ஸ் கடனில் வருகிறது. உங்களைக் கரைப்பது அதுதான்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். 2022-ல் எடுத்த ஒரு லட்சத்துக்கு 16 சதவீதம், 4 வருடம் என்றால் மாதம் சுமார் 2,800. வட்டி மட்டும் 36,000 பக்கம். இப்போது 2 லட்சத்துக்கு 15 சதவீதம், 4 வருடம் என்றால் மாதம் சுமார் 5,600, வட்டி 67,000. இரண்டும் சேர்ந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அட்வான்ஸ் திரும்பி வரும் பணம், அதற்குப் போய் ஒரு லட்சம் வட்டியா?

இந்த முறை மடிப்பாக்கம் பணம் நேராக வேளச்சேரிக்குப் போகட்டும். முதலில் அட்வான்ஸைப் பேசிக் குறையுங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸின் உச்சவரம்பு. சட்டத்தைக் காட்டிச் சண்டைக்குப் போனால் வீடு வேறு ஒருவருக்குப் போய்விடும். ஆனால் ஐந்து மாதம், அதாவது ஒரு லட்சம் என்று பேச அது தெம்பு தரும். ஓனர் இறங்கவே இல்லையா? அந்த வீட்டை விட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் இருவரும் தெருத்தெருவாக நடந்து பாருங்கள். இஸ்திரி வண்டிக்காரருக்கும் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்கும் எந்த வீடு காலியாகிறது என்று தெரியும். கமிஷன் 20,000 கூட மிச்சமாகலாம். வேளச்சேரியில் தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால், 2015-லும் 2023 டிசம்பரிலும் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பழைய ஓனர் பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டால் 86,000தான் கைக்கு வரும். ஆக 14,000 துண்டு. கமிஷன் 20,000, சாமான் ஏற்ற 10,000. மொத்தம் 44,000. உங்கள் 55,000-க்குள் அடங்கிவிடுகிறது.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: புது ஓனர் முதலிலேயே கேட்பார், பழையவர் காலி செய்தபின்தான் தருவார். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் வங்கியில் நகையை வையுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்தாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். பழைய அட்வான்ஸ் உங்கள் கணக்குக்கு வரட்டும், வந்த அன்றே நகையை மீட்டுவிடுங்கள். புது வீட்டுக்கு அக்ரிமெண்ட் போடும்போது, காலி செய்தபின் எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும், பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

லீஸ் விஷயத்துக்கு வருகிறேன். அதில் மாத வாடகை கிடையாது, மொத்தமாகக் கொடுத்த பணம் காலி செய்யும்போது திரும்ப வர வேண்டும். 9 லட்சம் கடன் எடுத்தால் 5 வருடத்துக்கு மாதம் 21,400 கட்ட வேண்டும். அசல் முழுசாகத் திரும்பும் என்று நம்பினால் கணக்கு லாபம் போலத் தெரியும், புரோக்கர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஓனர் அந்த வீட்டை வங்கியில் வைத்துத் தவணை கட்டாமல் விட்டால், வங்கி பூட்டு போட வரும்போது உங்கள் 9 லட்சத்துக்கு நீங்கள் அலைய வேண்டும். அது நல்லபடியாகத் திரும்பினாலும், ஒரு லட்சமே தங்காத வீட்டில் 9 லட்சம் தங்குமா? அட்வான்ஸுக்கென்றே ஆப்பில் உடனடிக் கடன் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களையும் தொட வேண்டாம், அதுவும் இன்னொரு பர்சனல் லோன்தான்.

கணவரிடம் பேசுவது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. தம்பிக்குச் செய்யவே கூடாது என்று ஆரம்பிக்காதீர்கள். 5 தவணை முடிந்ததும் மாதம் 2,800 விடுபடுகிறது. ஒரு வருடத்துக்கு அதைக் கடைக்குக் கொடுக்கலாம், 33,000-க்கு மேல் சேர்ந்துவிடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் கொழுந்தனார் தன் பெயரில் கடன் எடுக்கட்டும். ஜாமீன் கையெழுத்து மட்டும் நீங்கள் இருவரும் போட வேண்டாம்.