இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸின் ஆட்சிக்கு உட்பட்ட ரீயூனியன் தீவில் திராட்சை மது செய்யும் சிற்றூர்களைச் சென்று பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் அதற்குப் பெயர்பெற்ற இடம் தீவில் ஒன்றுதான்: ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில், செங்குத்தான மலைகளுக்கு நடுவே இருக்கும் சிலாவோஸும், அதைச் சார்ந்த இலே ஆ கோர்த், பிரா செக், பால்மிஸ்த் ரூஜ் ஆகிய குக்கிராமங்களும். நான் வசிக்கும் சேன் லூயியிலிருந்து 400-க்கும் மேற்பட்ட வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் பேருந்து செல்கிறது. மதுவைச் சுவைத்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து நீங்கள் வண்டி ஓட்டாதீர்கள்.

பிரான்ஸின் மாளிகைத் தோட்டங்களை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும். நம்மூர்ப் புடலைப் பந்தல் போல வீட்டை ஒட்டிப் போட்ட பந்தல்களில்தான் இங்கே காலங்காலமாக இசபெல் என்னும் கருந்திராட்சையை வளர்த்து வந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கொடியின் கலப்பில் தோன்றிய இந்தத் திராட்சை நோயை ஓரளவு தாங்கும்; அதன் மதுவில் ஸ்ட்ராபெர்ரியை நினைவூட்டும் வாசனை தூக்கலாக இருக்கும். பிரான்ஸில் மது தேவைக்கு மேல் பெருகிக் கிடந்த 1934-ஆம் ஆண்டில், இசபெல் உள்ளிட்ட ஆறு வகைகளின் மதுவை விற்கச் சட்டம் தடை விதித்தது. அதைக் குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்ற பேச்சும் அதனோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும் சிலாவோஸ்காரர்கள் அந்தக் கொடியைக் கைவிடவில்லை. வீட்டில் செய்த, பெயர்ச்சீட்டு இல்லாத இனிப்பு மதுவைச் சாலையோரத்தில் இன்றும் காணலாம்.

பிற்காலத்தில் உள்ளூர் விவசாயிகள் கூட்டுறவாக இணைந்து ஷெனான், பினோ நுவார், மால்பெக் ஆகிய ஐரோப்பியக் கொடிகளுக்கு மாறினார்கள். அந்த மது 2004 முதல் சிலாவோஸ் என்ற ஊர்ப்பெயரோடு சட்டப்படி விற்பனையாகிறது. என் நாவுக்கு அவர்களுடைய வெள்ளை மதுவே தேறியது; சிவப்பைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அறுவடை ஜனவரியை ஒட்டி நடக்கும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பத்தினர் அந்த நாள்களில் பந்தலைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்புவார்கள். அதுவே புயற்காலமும் என்பதால், பாறை சரிந்து சாலை மூடப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். சிறு விவசாயிகளின் வீட்டுக்குச் செல்லும்போது வாசலில் நின்று குரல் கொடுத்து, அவர்கள் அழைத்த பிறகே உள்ளே போவது இங்குள்ள வழக்கம். அவர்களில் பலர் புகழ்பெற்ற சிலாவோஸ் பருப்பையும் விளைவிப்பவர்கள். மது பிடிக்காவிட்டால் அதை வாங்கி வரலாம்.