பிரேம் போட்ட ஹோகார்த் படம்: சில கேள்விகள், பதில்கள்

கே: எங்களிடம் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் 'ஜின் லேன்' என்ற அச்சுப்படம் இருக்கிறது. கீழே 1751 என்று போட்டிருக்கிறது. அந்த வருடத்து அச்சுதானே?

ப: அவசரப்படாதீர்கள். அந்த வருட எண், படத்தை அச்சடிக்கும் செப்புத் தகட்டில் வெட்டியது. தாளின் வயதைச் சொல்லாது. 1764இல் ஹோகார்த் இறந்த பிறகும் தகடுகள் ஓயவில்லை. மனைவி ஜேன் 1789இல் காலமாகும்வரை அவற்றை வைத்திருந்தார். அப்புறம் பாய்டெல் என்ற படவியாபாரியிடம் போயின. 1822இல் ஜேம்ஸ் ஹீத் என்ற செதுக்குக் கலைஞர் தேய்ந்த கோடுகளை மறுபடி வெட்டி அச்சுக்குக் கொடுத்தார். எந்தக் காலத்து அச்சிலும் அதே 1751தான்!

கே: அப்போ எப்படித்தான் கண்டுபிடிப்பது சார்?

ப: பிரேமைக் கழற்றித் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமாகச் சன்னக் கோடுகளும், அவற்றின் குறுக்கே விரலகல இடைவெளியில் வேறு கோடுகளும் தெரிந்தால் பழைய முறைத் தாள். கோடே இல்லாமல் வழவழவென்றிருந்தால் 1822 பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு, படிக்கட்டில் மூக்குப்பொடி எடுக்கிறாளே ஒரு பெண், கைநழுவித் தலைகீழாக விழுகிறதே அவள் குழந்தை, அங்கே லென்ஸை வையுங்கள். கோடுகளுக்குப் பதில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இயந்திரத்தில் அச்சடித்த வெறும் ஆஃப்செட் நகல்.

கே: தகடு அழுந்திய பள்ளம் ஓரத்தில் இல்லை. போலியா?

ப: ஓரத்தை யாராவது வெட்டியிருக்கலாம். பிரேமுக்குள் அடக்குவதற்காக அப்படிச் செய்வார்கள், பாவிகள்.

கே: ஹோகார்த்தின் தகடுகளெல்லாம் அவரே வெட்டியதா?

ப: இல்லை. 1745இல் வந்த 'மேரேஜ் அ-லா-மோட்' என்ற அவரது படவரிசையைப் பிரெஞ்சுக் கலைஞர்கள் வெட்டினார்கள். 'ஜின் லேன்' அவர் கைவேலை.

கே: அவர் கடனுக்காகச் சிறை போனாராமே?

ப: போனது அப்பா. லத்தீன் வாத்தியார், லத்தீனில் பேசும் காபிக்கடை திறந்து நொடித்துப்போனார். மகன் வெள்ளிப் பாத்திரங்களில் எழுத்தும் சின்னமும் வெட்டும் பட்டறையில் தொழில் பழகினார். 1732இல் அவரது 'ஹார்லட்ஸ் புராக்ரஸ்' படவரிசை வந்ததும் திருட்டு நகல்கள் குவிந்தன. மனிதர் சும்மா இருக்கவில்லை. மற்ற கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு பாராளுமன்றத்தில் முட்டி மோதி, 14 ஆண்டு காப்புரிமைச் சட்டம் வாங்கினார். அது அமலுக்கு வந்த 1735 ஜூன் 25 வரை அடுத்த வரிசையை வெளியிடாமல் அடக்கி வைத்திருந்தார்.

கே: ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. ப்ளீச் செய்யலாமா?

ப: வேண்டவே வேண்டாம். பிரேமுக்குள் இருக்கும் பழைய அட்டையின் அமிலம்தான் காரணம். அமிலமில்லாத அட்டைக்கு மாற்றுங்கள். கறையைத் தாள் பராமரிப்பு தெரிந்தவர் தொடட்டும்.