மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் ஏன் படங்களில் சிரிக்கவே மாட்டார்? அந்தச் சாகசக் காட்சிகளெல்லாம் நிஜமா?

சிரிக்காத முகம் சின்ன வயதிலேயே வந்த பழக்கம். 1895-இல் அமெரிக்காவின் கான்சாஸில் பிறந்தவர், நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே அப்பா அம்மாவோடு மேடையேறிவிட்டார். அப்பா அவரைத் தூக்கி வீசுவதுதான் நிகழ்ச்சியே. விழுந்து எழும்போது முகத்தை இறுக்கமாக வைத்திருந்தால் கூட்டம் இன்னும் அதிகமாகச் சிரிப்பதைப் பையன் கவனித்துக்கொண்டான்.

சாகசங்கள் பெரும்பாலும் நிஜம்தான். 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே அவர்மேல் சாயும். மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்கும். உடம்பைச் சுற்றிச் சில அங்குலம்தான் இடைவெளி. கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் உயிர் போயிருக்கும். 'ஷெர்லாக் ஜூனியர்' படப்பிடிப்பில் தொட்டியிலிருந்து கொட்டிய தண்ணீரின் வேகத்தில் தண்டவாளத்தில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. அது தெரியவந்ததே பல வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான்!

அப்புறம் 1928-இல் எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தில் சேர்ந்தார். படத்தின் மீதிருந்த பிடி கைநழுவியது, குடியும் சேர்ந்துகொண்டது, 1933-இல் வேலையும் போனது. எனக்கு மனம் தாங்காத பகுதி இது. பிறகு மீண்டு வந்து, சின்ன வேடங்களிலும் தொலைக்காட்சியிலும் நடித்தார். 1960-இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது, 1966-இல் காலமானார்.

முதன்முதலாகப் பார்ப்பதென்றால் 'ஷெர்லாக் ஜூனியர்' பாருங்கள், முக்கால் மணி நேரம்தான். பிடித்துப்போனால் அடுத்து 'தி ஜெனரல்'.