வால் எலும்பு அருகே வீக்கம்: மூலமாகத்தான் இருக்குமா?

கேள்வி: எனக்கு வயது 25. வாடகை கார் ஓட்டுகிறேன். நான்கு நாளாக வால் எலும்புப் பக்கம் வீங்கி, உட்காரவே முடியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் மூலத்துக்கான களிம்பு கொடுத்தார்கள். வலி குறையவில்லை. இது மூலம்தானா?

பதில்: இருக்க வாய்ப்பில்லை. மூலம் ஆசனவாயில்தான் வரும்; அவ்வளவு மேலே ஏறாது. பின்பக்கம் வலித்தாலே மூலம் என்று களிம்பு தடவி நாளைக் கடத்துவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது.

உங்கள் வயது, தொழில், வீங்கிய இடம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பைலோனிடல் சைனஸில் (வால் எலும்பு அருகே தோலுக்கடியில் முடி புகுந்து உண்டாகும் குழியில்) சீழ் பிடித்திருக்கலாம் என்றே முதலில் சந்தேகப்படுவேன். புட்டங்களுக்கு நடுவில் உதிர்ந்து கிடக்கும் முடி, உட்கார்ந்தே இருப்பதால் உண்டாகும் உராய்வில் தோலுக்குள் குத்தி இறங்கும். அங்கேயே தங்கிச் சீழ் கட்டும். இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இதனால் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். 'ஜீப் நோய்' என்றே பெயர் வந்துவிட்டது. முடிவெட்டுபவர்களுக்கு விரலிடுக்கில்கூட இது வருவதுண்டு. நடுக்கோட்டில் ஊசி குத்தியது போலச் சிறு துளை தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

வீக்கம் ஆசனவாயை ஒட்டியே இருந்தால் கதை வேறு. முக்கி மலம் கழித்த பிறகு திடீரென்று பட்டாணி போல நீலம் பாய்ந்த உருண்டை வந்தால், அது வெளிமூலத்தில் ரத்தம் உறைந்தது. முதல் இரண்டு மூன்று நாள் உயிர் போவது போல வலிக்கும். அப்புறம் மெல்லக் குறையும். இளஞ்சூட்டு நீரில் உட்கார்ந்தால் இதமாக இருக்கும். மாறாக, வலி நாளுக்கு நாள் கூடி, விண்விண்ணென்று தெறித்து, காய்ச்சலும் வந்தால் ஆசனவாய்ச் சுரப்பியில் சீழ்க்கட்டி. பவுத்திரம் (ஆசனவாய் அருகே தோலில் துளை விழுந்து சீழ் வடிவது) பலருக்கும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

கீழே விழுந்ததால் வரும் வால் எலும்பு வலியில் இப்படிக் கட்டி எழும்பாது.

சரி, இப்போது என்ன செய்வது? பிதுக்காதீர்கள். நாளைக்குள் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ் கட்டியிருந்தால் ஆன்டிபயாடிக் மட்டும் தின்று பயனில்லை, கீறி வெளியேற்ற வேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் விதைப்பை வரை பரவினாலோ, சிறுநீர் அடைத்தாலோ இன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பைலோனிடல் சைனஸ் என்றால் சீழை எடுத்த பிறகும் திரும்ப வரலாம். அதை முழுதாக அகற்றுவதா என்பதைப் புண் ஆறிய பிறகு முடிவு செய்யலாம். அதுவரை மணிக்கு ஒருமுறையாவது காரை ஓரங்கட்டி இறங்கி நில்லுங்கள்.