கம்பு சுற்றினால் உடம்பு ஏறுமா? ஒரு சிலம்ப வாத்தியாரின் கேள்வி பதில்

மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் 19 வருடமாகச் சிலம்பமும் வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையும் சொல்லிக்கொடுக்கிறேன். களத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதில் எடை தூக்கும் சாமான்கள் கொஞ்சம். சேர வருகிற பையன்களில் பாதிப் பேர் கம்பைத் தொடுவதற்கு முன்பே கேட்பது, "இதுல உடம்பு வருமா மாஸ்டர்?" என்றுதான். சரி, ஒரே இடத்தில் எழுதிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

ஒல்லிக்குச்சி: வயது 21, உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 50 கிலோ. எட்டு மாதமாகச் சிலம்பம் போகிறேன். வேகம் வந்திருக்கிறது, மூச்சு வாங்குவதில்லை. ஆனால் சட்டை அதே தொளதொளதான். எங்கே தப்பு?

தப்பு ஒன்றும் இல்லை தம்பி. கம்பு சுற்றினாய், கம்பு சுற்ற வந்துவிட்டது. உன் முன்னங்கையைத் திருப்பிப் பார், மணிக்கட்டுக்கு மேலே கொஞ்சம் இறுகியிருக்கும். கெண்டைக்காலும் அப்படித்தான். அதோடு நின்றிருக்கும், ஏனென்றால் உன் கையில் இருக்கும் கம்பு அரைக் கிலோவைச் சுற்றித்தான் வரும். முதல் ஒன்றிரண்டு மாதம் அதுவே தோளுக்குப் புதுப் பாரம். அப்புறம் உடம்பு பழகிவிடும், பழகின வேலைக்கு அது புதிதாகச் சதை போடாது. ஆயிரம் தடவை சுற்றினாலும் தாக்குப்பிடிக்கும் திறன்தான் கூடும். சதை ஏற வேண்டும் என்றால் பாரம் ஏற வேண்டும். பன்னிரண்டு தடவைக்குள் கை நடுங்கி "இனி முடியாது" என்று சொல்கிற அளவுக்குப் பாரம், அது சுலபமாகிப்போனால் அதற்கு மேல் ஒரு கிலோ, இரண்டு கிலோ. இதில் ரகசியம் எதுவும் கிடையாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்க ஆடினால் உன் எடைக்கு 300, 400 கலோரி போய்விடும். அதைத் திருப்பிப் போட்டாயா? களத்தில் இருந்து நேரே டீக்கடைக்குப் போய் ஒரு டீ, இரண்டு பிஸ்கட், வீட்டில் நாலு இட்லி. எனக்குத் தெரியும், என் பையன்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். "நான் நல்லா சாப்பிடுவேன் மாஸ்டர், உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்று அடித்துச் சொன்ன ஒருவனை ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் நோட்டில் எழுதச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அரைப் பக்கத்துக்கு இருந்தது. செவ்வாய், புதன் காலை இரண்டும் காலி.

செய்ய வேண்டியது: சிலம்பத்தை வாரம் மூன்று நாளாகக் குறை. வேறு மூன்று நாள் எடை. பஸ்கி, தண்டால், தலைக்கு மேல் தூக்குவது, குனிந்து இழுப்பது, தொங்கி ஏறுவது, இந்த ஐந்து போதும். ஒவ்வொன்றும் மூன்று சுற்று. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், உனக்கு ஒரு நாளைக்கு 80 கிராம். நாலு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, மிச்சம் சோறு, இட்லி, பருப்பிலேயே வந்துவிடும். இப்போது சாப்பிடுவதற்கு மேல் தினம் 300 முதல் 500 கலோரி. மாதம் ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறினால் போதும். அதற்கு மேல் ஏறினால் அது தொப்பை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: மகனுக்கு 13 வயது, ரொம்ப ஒல்லி. கராத்தேயில் சேர்த்திருக்கிறோம். எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார்களே?

நிற்காதும்மா. பக்கத்தில் நின்று சரியாகத் தூக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் பயமில்லை. ஆபத்து எங்கே என்றால், நாலு பையன்கள் சேர்ந்து யார் அதிகம் தூக்குவது என்று பந்தயம் கட்டுகிற இடத்தில். இந்த வயதில் தண்டால், பஸ்கி, கயிறு ஏறுவது போதும். 13 வயதில் ஒல்லியாக இருப்பது பெரும்பாலும் வியாதி இல்லை, உயரம் முதலில் போகும், சதை பின்னால் வரும். குடற்புழு மாத்திரை கொடுத்து எத்தனை மாதம் ஆகிறது என்று மட்டும் பாருங்கள். கராத்தேயை நிறுத்தாதீர்கள். அவனுக்கு அங்கே கிடைக்கிற தைரியம் எந்தத் தராசிலும் ஏறாது.

அவசரக்காரன்: ஒரு மாதத்தில் சிக்ஸ் பேக் வருமா?

வராது.

திருப்பூர் ஷிப்ட்: 47 கிலோ இருக்கிறேன். குத்துச்சண்டை போனால் உடம்பு ஏறுமா?

முதல் பதில். சிலம்பம் என்று இருக்கிற இடத்தில் குத்துச்சண்டை என்று போட்டுப் படித்துக்கொள். கூடவே ஒன்று: மேரி கோம் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது 51 கிலோ பிரிவில். குத்துச்சண்டை ஆளுக்கு ஆள் எடை பிரித்து வைத்திருக்கிற விளையாட்டு, ஒல்லியாக இருப்பது அங்கே ஒரு குறையே இல்லை.

நாகர்கோவில் அடிமுறை: வாத்தியாரே, மன்னிக்கணும். குமரிப் பக்கத்துச் சண்டைக் கலையான அடிமுறை சொல்லித்தரும் எங்கள் ஆசான் இரும்பைத் தொடவே விடமாட்டார். எடை தூக்கினால் உடம்பு வளையாமல் கட்டையாகிவிடும், அடி வேகம் போய்விடும் என்பார். நம் முன்னோர் கர்லாக்கட்டை என்கிற சுழற்றும் மரக்கட்டையும் தண்டாலும் வைத்தே உடம்பு வளர்க்கவில்லையா? அந்தக் காலத்து மல்யுத்த வீரர் காமா பயில்வான் எந்த ஜிம்முக்குப் போனார்?

வாங்க. இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

உங்கள் ஆசான் மேல் எனக்கு மரியாதை உண்டு, என் ஆசானும் இதையேதான் சொன்னார். ஆனால் காமாவை இழுத்திருக்கக் கூடாது. அவர் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தவர், உண்மை. அதோடு லிட்டர் கணக்கில் பால், நெய், பாதாம். தினமும் கட்டிப் புரண்டது தன் எடைக்குச் சமமான ஆட்களோடு. அப்புறம் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்து அருங்காட்சியகத்தில் அவர் பஸ்கி எடுக்கப் பயன்படுத்தினார் என்று ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். 95 கிலோ. அது என்ன, பஞ்சு மிட்டாயா?

கர்லாக்கட்டை நல்ல சாமான். தோள்பட்டைக்கும் முதுகுக்கும் அதுபோல் சுழற்சி தருவது வேறில்லை, என் களத்தில் ஆறு ஜோடி இருக்கிறது. ஆறு ஜோடியும் ஒரே எடை இல்லை என்பதைக் கவனியுங்கள். சின்னதில் தொடங்கிப் பெரியதற்குப் போவார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கோவில்பட்டிக்காரன்: ஆசான் சொல்லுக்கு மறுபேச்சா? புரூஸ் லீ ஒல்லியாகத்தானே இருந்தார், அவர் இரும்பு தூக்கியா அப்படி ஆனார்?

தூக்கினார். பாருக்கும் தம்பெல்ஸுக்கும் அட்டவணை போட்டு எழுதி வைத்துத் தூக்கியவர். 1970-ல் தோளில் பாரை வைத்துக் குனிந்து நிமிரும்போது முதுகில் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்தார். குனிந்து தூக்குகிற எதிலும் முதுகை வளைக்காதே என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதனால்தான்.

நாகர்கோவில் அடிமுறை: கட்டையாகிவிடும் என்பதற்குப் பதில் வரவில்லையே.

வருகிறது. நெஞ்சையும் கையையும் மட்டும் ஊதவைத்துவிட்டு, தோளை முழுசாகச் சுழற்றாமல், அடியும் வீச்சும் பழகாமல் ஆறு மாதம் இருப்பவன் கட்டையாகத்தான் ஆவான். உங்கள் ஆசான் அப்படி நாலு பேரைப் பார்த்திருப்பார், அதனால் சொல்கிறார். அடிமுறைக்குக் கீழே உட்கார்ந்து எழ வேண்டும், முழு பஸ்கியை எடையோடு எடுத்தால் இடுப்பு இன்னும் நன்றாகத் திறக்கும். எடை எடுத்த மறுநாள் கை கனக்கும், அன்று கம்பு மெதுவாகத்தான் போகும். ஒரு நாள் கழித்துப் பாருங்கள்.

இன்னொன்று, தெற்கத்திக்காரர் நீங்கள் இதைக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். இளவட்டக்கல் யார் ஊர்ச் சமாச்சாரம்? உருண்டைக் கல், பிடி கிடையாது. குத்தவைத்து அணைத்து, மடிக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட வேண்டும். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் போட்டி நடக்கிறது. ஒரே ஒரு கல்லா வைத்திருக்கிறார்கள்? வெவ்வேறு எடையில் வரிசையாகக் கிடக்கும், சின்னதைத் தூக்கினவன் அடுத்ததற்குப் போவான். கல்லைத் தூக்கினால்தான் பெண் என்று சொன்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு, பாரம் தூக்குவது வெளியூர்ப் பழக்கம் என்றால் எப்படி?

பெயர் வேண்டாம்: 45 கிலோ. என்ன சாப்பிட்டால்...

முதல் பதில்.

விழுப்புரம்: சந்தையில் ஒரு ஆயுர்வேதப் பவுடர் கிடைக்கிறது, மாதம் 5 கிலோ ஏறும் என்கிறார்கள். பயிற்சியோடு எடுக்கலாமா?

எடுக்காதே. இதை எத்தனை தடவை கேட்டாலும் அத்தனை தடவையும் சொல்வேன். எனக்கு 18 வயதில் ஒருவர் லேபிள் இல்லாத டப்பா ஒன்று கொடுத்தார், மூலிகை என்றார். மூன்றே வாரத்தில் ஆறு கிலோ. ஊரே கண் வைத்தது. கன்னம் பூசணிக்காய் மாதிரி, கை கால் அதே குச்சி. அம்மாதான் "மூஞ்சி ஏன்டா இப்படி வீங்கிக் கிடக்கு" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று டாக்டர் பார்த்த உடனே சொன்னார். நீரும் கொழுப்பும்தான் ஏறும், உள்ளே இருக்கிற சதை கரையும். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் டப்பாவைக் காட்டுங்கள், அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். பசி எடுக்க வைக்கிற மாத்திரையை மருந்துக் கடையில் சும்மா வாங்கிப் போடுவதும் இதே ரகம். தூக்கம் தள்ளும், கம்பு எதிரே வருவது தெரியாது.

கல்லூரி மாணவி: நானும் ஒல்லிதான். எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவேனா?

ஆகமாட்டாய் பாப்பா. ஆண்களே வருஷக்கணக்கில் முட்டிமோதியும் ஆகமுடியாமல் இங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதல் பதிலை அப்படியே செய்.

சேலம்: எந்தக் கலையில் அதிகம் சதை ஏறும்?

எதிராளியே பாரமாக இருக்கிற கலையில். மல்யுத்தம், ஜூடோ. 65 கிலோ ஆள் உன்னைக் கீழே தள்ளப் பார்க்கிறான், நீ அவனை இழுத்துத் தூக்குகிறாய், முதுகும் தொடையும் பிடியும் தானாக ஏறும். வேடிக்கை என்னவென்றால் 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ குள்ளமான, மெலிந்த ஆள். பெரிய பையன்களிடம் அடிவாங்கித்தான் கற்கப் போனார். அவர் தேடியது சதையை இல்லை, தன்னைவிடப் பெரியவனைச் சாய்க்கும் வழியை. உன் ஊரில் ஜூடோ இல்லையென்றால் இருக்கிற கலையில் சேர். பிடிக்காத கலையில் ஆறு மாதம் நிற்கமாட்டாய்.

ஓசூர்: நாலு மாதத்தில் 6 கிலோ இறங்கிவிட்டது, நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், தாகம் அதிகம். எந்தப் பயிற்சி?

பயிற்சி வேண்டாம். நாளைக் காலை இரத்தச் சர்க்கரை பாருங்கள். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும். இப்படிப்பட்டவரைக் களத்துக்கு அனுப்பினால் நான் சேர்க்கமாட்டேன்.

மூட்டு வலி: பஸ்கி எடுத்தால் வலது முட்டியில் "டக்" என்று...

எலும்பு மருத்துவர். எழுத்தில் முட்டி பார்க்க எனக்குத் தெரியாது.

ஒல்லிக்குச்சி: வாத்தியாரே, எடை வாங்கக் காசு இல்லை.

நல்ல கேள்வி, இதற்காக ஒருவனும் நிற்க வேண்டாம். தடித்த சாக்கு இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு ஆற்று மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் இறுக்கு. பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்துக்கொள், பத்துக் கிலோவில் தொடங்கு. அதைக் கட்டிப்பிடித்துப் பஸ்கி, குனிந்து இழுத்தல், தோளுக்கு ஏற்றுதல். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் மணல் கூடுதலாகப் போடு. எத்தனை டம்ளர் ஆயிற்று என்று சுவரில் கரியால் கோடு போட்டுவை. தொங்குவதற்கு வேப்பங்கிளை, முதலில் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தொங்கு.

நாகர்கோவில் அடிமுறை: இளவட்டக்கல் விஷயத்தில் மடக்கிவிட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆசானிடம் நான் சொல்லமாட்டேன். பொங்கலுக்கு எங்கள் பக்கம் வாருங்கள், நீங்களே கல்லைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரிடம் பேசுங்கள்.

வருகிறேன். கல்லில் எண்ணெய் தடவி வைக்காமல் இருந்தால் சரி.