'நேரு' என்பது காஷ்மீர்க் குலப்பெயரா? அதற்கு என்ன பொருள்?

குடும்பம் காஷ்மீர்ப் பண்டிதர் குடும்பம்தான். ஆனால் அவர்களின் பழைய குலப்பெயர் 'கௌல்'. 'நேரு' டெல்லியில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஜவஹர்லால் நேருவே தன் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார். முன்னோரான ராஜ் கௌல் சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். முகலாய அரசர் ஃபரூக்சியர் காலத்தில், 1716 வாக்கில், பள்ளத்தாக்கை விட்டு டெல்லிக்கு வந்தார். அவருக்குக் கிடைத்த வீடு ஒரு வாய்க்கால் கரையில் இருந்தது. வாய்க்காலுக்கு அங்கே 'நஹர்' என்று பெயர். அப்படித்தான் 'கௌல்-நேரு' ஆனார்கள்; அப்புறம் கௌல் உதிர்ந்து நேரு மட்டும் நின்றது. நம் ஊரில் 'வாய்க்கால்கரை வீட்டுக்காரர்' என்று அடையாளம் சொல்வோமே, அதே மாதிரிதான்.

சரி, கௌல் என்றால்? 'குல' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்த 'கௌல' என்பதோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். சக்தி வழிபாட்டில் ஊறிய ஒரு தாந்திரிக மரபின் பெயர் அது. காஷ்மீர சைவத்தில் அதற்குப் பெரிய இடம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று: நேருவின் மனைவி கமலாவும் பிறந்த வீட்டில் கௌல்தான். உதிர்ந்த பெயர் மருமகளோடு அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது.